அரிசி அறைக்கு வெளியே சப்பாத்துகள்

மாலை நாலு மணி இருபது. ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பக்கத்துத் தமிழ்க் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்பது. அரிசி மூட்டை ஒன்று அடியில் பிரிந்து தரை முழுக்கக் கொட்டியிருந்தது. அவர் அதன் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையால் சாமான் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் குளிர்காலச் சப்பாத்தின் ஸிப்பை இழுத்துக் காலை உருவினார். பிறகு மற்றக் கால். இரண்டு சப்பாத்தையும் அரிசி படாத மூலைக்கு எறிந்துவிட்டு, காலுறையோடு மெல்ல மெல்ல வெளியே வந்தார்.

"அக்கா, அது கூட்டி எறியிற அரிசிதான். நிலமெல்லாம் ஈரம். ஏன் மினக்கெடுறியள்?" என்றார் கடைக்காரர்.

"தெரியும் தம்பி. எண்டாலும்…" என்றார் அவர்.

நான் பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கப் போனவன். பருப்பை வாங்கிக்கொண்டு கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக மரியதாஸின் சப்பாத்துதான் நினைவில் இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஒஸ்லோத் துறைமுகத்துக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றில் ஒரு சிறிய கலைக்கூடம் இருந்தது. நான் அங்கே காவலன். காவலன் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கடுநீலச் சட்டை, பெயர்ப்பட்டி, நாள் முழுக்க நிற்பதற்கு இரண்டு கால், 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில் சொல்லத் தெரிந்த ஒரு வாய். இவ்வளவுதான் தகுதி. அதற்கு முன் நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். அதற்கும் முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்தி எழுதினேன். பத்திரிகையில் பார்க்கப் பழகினேன், மீன் தொழிற்சாலையில் நிற்கப் பழகினேன். கலைக்கூடத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன.

மரியதாஸ் என்னிலும் பத்து வயது இளையவன். மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். வேதக்காரக் குடும்பம். என்னை 'அண்ணை' என்பான், வேலைத் தலத்தில் மட்டும் கொஞ்சம் மரியாதையோடு 'அண்ணைவாள்' என்று நக்கலடிப்பான். அவன் அங்கே விக்கார். அதாவது ஆள் குறையும்போது கூப்பிடும் தற்காலிகக் காவலன். சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது ஊருக்குப் போய் திரேசாவைக் கலியாணம் செய்துவிட்டு, ஒரு மாதத்தில் திரும்பி வந்திருந்தான். பிறகு பாதை மூடிவிட்டது. ஊர்ப் பக்கம் மறுபடி சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மனைவியை இங்கே அழைக்க வேண்டுமென்றால் நிலையான வருமானம் காட்ட வேண்டும். விக்காரின் வருமானத்தை நிலையானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வசந்த காலத்தில் எங்கள் கூடத்தில் வயதான நோர்வேக்காரர் ஒருவர் ஓய்வு பெற இருந்தார். அந்த இடம் மரியதாஸுக்குக் கிடைக்கலாம் என்ற பேச்சு இருந்தது. முடிவு எங்கள் பிரிவுத் தலைவி ஹில்டெயின் கையில். குளிர்காலக் கண்காட்சி முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

"ஃபாஸ்ட் ஜொப் கிடைச்சா அடுத்த நாளே விண்ணப்பம் போடுவன் அண்ணை," என்பான் மரியதாஸ். நிரந்தர வேலைக்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. தமிழில் பேசும்போதும் அவன் அதை நோர்வேச் சொல்லாலேயே சொல்லுவான்.

அந்தக் குளிர்காலத்துக்கு வந்ததுதான் இத்தாலியக் கண்காட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் எழுந்த கலைஞர்களும், அவர்களைத் தேடிப் போன வெளிநாட்டு நண்பர்களும் என்பது அதன் பொருள். ரோமுக்கும் மிலானுக்கும் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கி, ஒருவர் செய்ததை மற்றவர் செய்ததற்கு மாற்றிக்கொண்டு, சண்டை பிடித்து, மறுபடி சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். சாயம் வாங்க வழியில்லாமல் கையில் கிடைத்ததை எடுத்தார்கள் என்று சுவரில் ஒரு விளக்கம் இருந்தது. வழி வந்த பிறகும் அதையேதான் எடுத்தார்கள் என்பது எனக்குச் சுவையாக இருந்தது. கரி, கந்தல், கம்பளி, எரித்து உருக்கிய பிளாஸ்டிக்.

முதல் அறையில் பழைய சாக்கு ஒன்றை ஒட்டுப் போட்டுத் தைத்துச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். போர் முடிந்த இத்தாலிக்கு உதவியாகக் கோதுமை மா வந்த சாக்கு. மங்கிய அச்செழுத்து இன்னும் தெரிந்தது. திறப்பு நாளுக்கு முன் மரியதாஸ் அதன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அகதி முகாமிலை எங்கடை வாசலுக்குத் திரையா தொங்கினதும் இதுதான், அண்ணை. கலை எண்டு தெரிஞ்சிருந்தா தோய்க்காமல் வச்சிருப்பன்."

இதைப் பற்றி எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று எனக்கு ஆசை வந்தது. மலரின் ஆசிரியர் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி. இதிலை எங்கடை சனத்துக்கு என்ன இருக்கு?"

"சாக்கு இருக்கு," என்றேன்.

கட்டுரை வரவில்லை.

கடைசி அறை இரண்டு பேருடையது. ஒருவர் ரென்ஸோ, வட இத்தாலியில் நெல் வயல்களின் நடுவே பிறந்தவர். மற்றவர் இங்கெர், நோர்வேயின் வடகரையில் மீன் காயப் போடும் ஊரில் பிறந்த பெண். இளம் வயதில் இங்கெர் ரயிலேறி மிலானுக்குப் போனபோது இருவரும் பழகியிருக்கிறார்கள். அந்த ஊர்க் கருவாட்டைக் காலங்காலமாக வாங்கித் தின்பவர்கள் இத்தாலியர். ஆகவே ஒரு பரிமாற்றம் செய்தார்கள். ரென்ஸோவின் தாய் நாற்று நட்ட அரிசி, இங்கெரின் தாய் தூக்கிக் கட்டிய மீன். தரை முழுக்க அரிசி. அதைக் கடந்தால் எதிர்ப்பக்கம் மரச் சட்டங்களில் சோடி சோடியாகத் தொங்கும் காய்ந்த மீன். இவ்வளவுதான் படைப்பு. இங்கெர் அதற்குள் காலமாகிவிட்டார். ரென்ஸோவுக்கு நீண்ட பயணம் செய்ய முடியாத வயது. எழுத்தில் அனுப்பிய அறிவுறுத்தலின்படி கூடத்தார் அறையை மறுபடி அமைத்தார்கள்.

மீன் வந்து இறங்கிய நாளில் மணம் வாசல் வரை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். எனக்கு ஹம்மர்பெஸ்டின் நீலக் கையுறை நினைவுக்கு வந்தது. நாங்கள் ஒரே அறையில் இருந்த ஆறு தமிழர், வாரக் கடைசியில் எல்லோருடைய கையுறையும் வரிசையாகக் கொடியில் தொங்கும். அந்த வரிசையில் மீன் மணக்காத சோடியைப் பார்த்துத்தான் யார் வேலைக்குப் போகவில்லை என்று கண்டுபிடிப்போம். மரியதாஸ் ஒரு மீனைத் தட்டிப் பார்த்தான். விறகு மாதிரிச் சத்தம்.

"உப்பில்லாத கருவாடு. இதை வச்சுக்கொண்டு இவ்வளவு பெரிய மனுசராயிட்டாங்கள்."

அரிசி இத்தாலியிலிருந்தே சாக்குகளில் வந்தது. குண்டு குண்டான வெள்ளை அரிசி. தரையில் கொட்டிப் பரவும்போது எழுந்த தூசிக்கு ஒரு மணம் உண்டு. அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது. பரவும் வேலைக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். உள்ளே இறங்குமுன் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தோம். அவன் கிறிஸ்தவன், நான் சைவன். ஆனால் அவனுடைய ஊரிலும் என்னுடைய ஊரிலும் நெல் கிடக்கும் களத்துக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை.

அறிவுறுத்தலில் 'பார்வையாளர் அரிசியைக் கடந்து செல்வர்' என்று இருந்தது. சப்பாத்தோடு என்று இல்லை. அதை எழுத வேண்டும் என்று ஒரு இத்தாலியருக்குத் தோன்றியிராது.

திறந்த அன்று முதல் பார்வையாளர் வாசலில் தயங்கி நின்றார். உள்ளே ஒழுங்கு பார்க்க மரியதாஸ் காலுறையோடு நின்றான். அவர் அவன் காலைப் பார்த்தார், வாசலில் இருந்த அவன் சப்பாத்தைப் பார்த்தார், குனிந்து தன்னுடையதைக் கழற்றினார். நோர்வேக்காரருக்கு இது சொல்லிக் கொடுக்க வேண்டிய பழக்கமல்ல. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே கழற்றுகிறவர்கள். அடுத்தவரும் கழற்றினார். மதியத்துக்குள் சுவரோரம் ஈரச் சப்பாத்துகள் நீள வரிசையாகி, பனி உருகிக் குட்டையாயிற்று. ஹில்டெ வந்து பார்த்துச் சிரித்தார். அடுத்த நாள் ஒரு சப்பாத்துத் தட்டும், உட்கார்ந்து கழற்ற ஒரு நீள மர வாங்கும் கொண்டுவந்து போட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, அமைதியான அனுபவம் என்று எழுதினார்.

ஒஸ்லோவின் மதிப்புக்குரிய மனிதர்கள் பலரின் காலுறை ஓட்டைகளை நான் அந்தச் சில வாரங்களில் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பி வாசலில் நின்று, "அண்ணா, இது நிஜமா சாப்பிடுற ரைஸா? எவ்ளோ வேஸ்ட்!" என்று பதறினான். பதறினாலும் அவனும் கழற்றினான். அரிசி வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. காலுறைத் தடங்களை மரியதாஸ் காலையில் ஒரு மட்டப் பலகையால் மெல்ல நிரவிவிடுவான். அது யாரும் சொல்லாத வேலை.

"இந்த அறை நல்லாய் இருந்தா ஹில்டெக்கு என்னிலை ஒரு நல்ல எண்ணம் வரும், என்ன அண்ணை?"

"ஓம், வரும்," என்றேன்.

ஞாயிறு பூசை முடிய மன்னாரில் ஒரு தேவாலயக் குருவின் அலுவலகத்துக்குத் திரேசா வருவாள். அங்கிருந்துதான் அவனுக்கு அழைப்பு வரும். திங்கட்கிழமை அவன் முகத்தைப் பார்த்தே அழைப்பு வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

பெப்ரவரியில் ஒரு முற்பகல், யாரும் எதிர்பாராமல் ரென்ஸோ வந்தார். மருத்துவர் அனுமதித்துவிட்டார், மகள் கூட்டி வந்து விடுதியில் இருக்கிறாள் என்றார். சின்ன உருவம், பெரிய சாம்பல் மேலங்கி, கையில் தடி. ஹில்டெ ஓடி வந்து வரவேற்று அறை அறையாக அழைத்து வந்தார். சாக்கின் முன் நின்றார், தலையாட்டினார். கடைசி அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அவர் முதலில் பார்த்தது அரிசியை அல்ல, வாங்கின் கீழ் இருந்த சப்பாத்து வரிசையை. பிறகு உள்ளே பார்த்தார். காலுறையோடு இரண்டு பெண்கள் மெல்ல நடந்து மீனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன, மசூதியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹில்டெ நோர்வே வழக்கத்தை விளக்கினார். அவர் சொல்லி முடியும் வரை ரென்ஸோ காத்திருந்தார். பிறகு தடியால் தரையைத் தொட்டுச் சொன்னார். அவர் ஊரில் நெல்லை முற்றத்தில் பரவிக் காயப் போடுவார்களாம். போர்க்காலத்தில் படைகள் அந்த வழியாகப் போகும். முற்றத்தைச் சுற்றிப் போகப் பாதை இருக்கும். ஆனாலும் நெல்லின் மேலால்தான் போவார்களாம். தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"எந்தப் படை?" என்றார் ஹில்டெ.

"எல்லாப் படையும்."

அரிசிக்குள் இருந்த இரண்டு பெண்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர்களிடம் யாரும் சப்பாத்தைக் கழற்றச் சொல்லவில்லை," என்றார் ரென்ஸோ. "நடக்கிறவர்கள் நசுக்க வேண்டும். நசுக்குகிறோம் என்று காலுக்குத் தெரிய வேண்டும். கடைசி நாளில் இந்த அரிசி சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். நீங்கள் இங்கே வைத்திருப்பது அலங்காரம்."

ஹில்டெயின் கழுத்து சிவந்தது. வாங்கை வாங்கிப் போட்டவர் அவர்தான். ஆனால் வாசலோரம் நின்ற மரியதாஸையும் என்னையும் திரும்பிப் பார்த்தார். "இது எப்படித் தொடங்கியது?"

"நாங்கள் இருவரும்தான் கழற்றினோம்," என்றேன் நோர்வே மொழியில்.

மரியதாஸ் என் பக்கம் குனிந்து தமிழில் மெல்லச் சொன்னான். "இந்தாள் சொல்லுறது சரி, அண்ணை. எங்கடை களத்துக்கையும் வந்தவங்கள். பூட்ஸோடைதான் வந்தவங்கள். அப்பு சாக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

ஹில்டெ முடிவெடுத்துவிட்டார். வாங்கும் தட்டும் உடனே போக வேண்டும். இனிமேல் பார்வையாளர்களிடம் சப்பாத்தோடு நடக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, ஒருவர் நடந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நடக்க மாட்டார்கள் என்றார் ரென்ஸோ. அந்த அறையின் பொறுப்பு அன்று மரியதாஸுக்கு. ஹில்டெ அவனைப் பார்த்து, "மரியதாஸ், தயவுசெய்து," என்றார். இனிமையாகத்தான் சொன்னார்.

அவன் காலுறையோடு நின்றான். அவன் சப்பாத்து சுவரோரம் இருந்தது. குதிகால் தடித்த குளிர்காலச் சப்பாத்து. பனியில் வழுக்காமல் இருக்கத் தெருவில் தூவும் சரளைக் கற்கள் அதன் அடியில் ஒட்டியிருந்தன.

"நான் போகட்டே?" என்று கேட்டேன். "ஆர் நடந்தாலும் நடைதானே."

"நீங்கள் ஃபாஸ்ட், அண்ணை. உங்களை ஒருத்தரும் பாக்கேல்லை. என்னைத்தான் பாக்கினம்."

குனிந்து சப்பாத்தைப் போட்டான். இரண்டு நாடாவையும் அவசரமில்லாமல் கட்டினான். நெற்றியிலிருந்து நெஞ்சுக்குக் கை போனது, சிலுவை அடையாளம். ஹில்டெ அதைக் குளிருக்குச் சட்டையைச் சரிசெய்வதாக எண்ணியிருக்கலாம். பிறகு இறங்கினான்.

அரிசியின் மேல் சப்பாத்து பதியும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பனிமேல் நடக்கும் சத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அதற்கு அடியில் நொறுங்கும் இன்னொரு சத்தம் இருந்தது. சரளைக் கல் அரிசியை அரைக்கிறது. அவன் நேராக மீன் வரை போனான். அங்கே ஒரு கணம் நின்றான். திரும்பி வந்தான். வரும்போது தலையைக் குனிந்து, போன தடங்களிலேயே ஒவ்வொரு காலையும் வைத்து வந்தான். புதிதாக ஒரு மணியும் மிதிபடவில்லை. இதை ஹில்டெ கவனிக்கவில்லை. ரென்ஸோ கவனித்தார் என்று நினைக்கிறேன். தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை நிரவ வேண்டாம்," என்றார் அவர். "யாரும் தொட வேண்டாம். படம் எடுங்கள்."

கூடத்துப் படக்காரர் வந்து எடுத்தார். ஹில்டெ மரியதாஸின் தோளைத் தட்டி நன்றி சொன்னார்.

ரென்ஸோவுக்கு இங்கெரின் மீனைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். நான் அரிசிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தலையை அசைத்து, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். பொருள் கொண்டுவரும் பின்பாதை இருந்தது. கதவுத் திறப்புக் கொத்தோடு நான் முன்னால் போக, அவர் தடியை ஊன்றிப் பின்னால் வந்தார். நீண்ட சுற்று. குளிர்ந்த நடைவழி, அடுக்கிய பெட்டிகள், எரியாத ஒரு விளக்கு. மீனுக்குப் பின்னால் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு மீனைக் கையால் தடவினார். இங்கெர் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு ரென்ஸோவின் தாய்க்கு ஒன்று அனுப்பினாராம். தாய் பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, நாறுகிறது என்று திட்டிக்கொண்டே சமைப்பாராம்.

"உங்கள் ஊரில் என்ன?" என்று கேட்டார்.

"நெல்."

"அதன்மேல் வெறுங்காலோடு நடப்பீர்களா?"

"களத்தில், ஆம்."

"நல்லது," என்றார். சற்று யோசித்து, "ஆனால் இங்கே அல்ல," என்றார்.

வந்த வழியாகவே திரும்பிப் போனோம். தான் உண்டாக்கிய அந்த அறையை அவர் ஒருதடவையும் கடக்கவில்லை. ஊருக்குப் போகும் வரை மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் பின்பாதைதான்.

அன்றிலிருந்து காலையில் கதவு திறந்ததும் மரியதாஸ் முதலில் நடந்து காட்டுவான். அவனைப் பார்த்து மற்றவர்கள் நடந்தார்கள். சிலர் வாசலோடு திரும்பினார்கள். அவர்களைப் பற்றி அறிவுறுத்தலில் ஒன்றும் இல்லை. அரிசி முதலில் மஞ்சளாகி, பிறகு சேற்று நிறமாகி, ரென்ஸோ கேட்ட சாம்பலுக்கு வந்து சேர்ந்தது. கடைசி நாள் அதை மண்வாரியால் அள்ளிக் கழிவுத் தொட்டியில் கொட்டினார்கள். சரளையும் தெரு உப்பும் கலந்துவிட்டதால் கோழிக்கும் ஆகாது. மரியதாஸ் அன்று விடுமுறை கேட்டிருந்தான். மீன் வடக்கே இங்கெரின் ஊருக்குத் திரும்பிப் போனது.

ஏப்ரலில் அவனுக்கு வேலை நிரந்தரமானது. சொன்னபடி அடுத்த நாளே விண்ணப்பம் போட்டான். அதற்குள் திரேசாவின் ஊர் இடம்பெயர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் நின்றன. கேட்டால், "வரும் அண்ணை," என்பான். பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். போர் முடிந்து, முள்வேலி முகாம் ஒன்றிலிருந்து வெளியே வந்து, கொழும்பில் காத்திருந்து அவள் ஒஸ்லோவில் இறங்கியபோது மரியதாஸுக்கு முன்தலையில் நரை விழுந்திருந்தது. விமான நிலையத்துக்கு என்னையும் கூப்பிட்டான். அவளுக்கென்று புதிய குளிர்காலச் சப்பாத்து ஒன்று வாங்கி வந்திருந்தான். அளவு பெரிதாகப் போய்விட்டது. அவள் சிரித்தாள். காலுறை இரண்டு போட்டால் சரிவரும் என்றான்.

இப்போது அவர்கள் பேர்கனில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மருத்துவமனையில் வேலை. நத்தாருக்குத் தொலைபேசியில் கதைப்போம். மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கதைப்போம். அரிசி அறையைப் பற்றிக் கதைத்ததில்லை.

கிடங்கை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கண்ணாடி மாடங்கள் வைத்த குடியிருப்பு. அரிசி கிடந்த மூலை எதுவென்று துறைமுகத்தின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் நிறுத்தும் இடம் என்று நினைக்கிறேன். ஹில்டெ ஓய்வு பெற்றுவிட்டார். ரென்ஸோ காலமாகிவிட்டார். தானும் இங்கெரும் இல்லாத உலகத்தில் அந்த அறையை யாரும் மறுபடி அமைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தாராம். ஆகவே ஒஸ்லோதான் கடைசி.

கண்காட்சியின் புத்தகம் என்னிடம் இருக்கிறது. கடையிலிருந்து வந்ததும் எடுத்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில் அன்று எடுத்த படம். வெள்ளை அரிசி, தூரத்தில் மீன், நடுவில் தடங்கள். சப்பாத்துத் தடங்கள் ஒரே ஒரு வரிசை. கீழே சிறிய எழுத்தில் மூன்று மொழியில் போட்டிருக்கிறது: 'பார்வையாளர் ஒருவர், ஒஸ்லோ.'